பலகையின் மறுமுனை

தவமணி அம்மாவின் ஆசிரமத்தில் தியானக் கூடத்தைவிடப் பட்டறைதான் பெரிது. கண்ணை மூடிக்கொண்டு உட்காருகிறவர்களை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ரம்பத்துக்கு முன்னால் எவனும் கண்ணை மூட மாட்டான் என்பார்.

சீடர் உலகநாதன் குருவைவிட வயதில் மூத்தவர். சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தி ஓய்ந்தவர். தான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று வேறொருவனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக ஒரே மகள் கோமதியுடன் பேச்சை முறித்தவர். வீம்பு கடையோடு முடியவில்லை, ஆசிரமத்துக்கும் கூடவே வந்திருந்தது.

ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்து நின்றார்.

"அம்மா, கோமதி போன் பண்ணினா. முழுகாம இருக்காளாம். சாமி கண்ணைத் திறந்துட்டாருன்னு அழுதுட்டேன்."

"நல்ல சேதிதானே. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நாளைக்கே கார் அனுப்புதேன், கிளம்பி வந்துரு, வளைகாப்பு நம்ம வீட்லதான், டாக்டரையும் நானே பாத்துக்கிடுதேன்னு சொன்னேன். வச்சுட்டா. அப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டுட்டேன், எடுக்க மாட்டேங்கா. குடுத்ததை சாமி ஏன் திரும்பப் பிடுங்குதாரு?"

தவமணி ரம்ப மேசைப் பக்கம் திரும்பினார். சாப்பாட்டுக் கூடத்துச் சன்னல்களுக்கு வேங்கைப் பலகையை நீளக் கீற்றுகளாக அறுக்க வேண்டியிருந்தது.

"வாங்க ஐயா, பலகை பிடிக்க ஆள் இல்ல," என்று அவரை ரம்ப மேசையின் மறுபக்கம் நிற்க வைத்தார்.

மேசையில் ரம்பத்துக்குப் பக்கமாக இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. பலகை அதை ஒட்டியே போனால்தான் கீற்று ஒரே அகலத்தில் வரும்.

மிஷின் ஓடியது. தவமணி இந்தப் பக்கமிருந்து தள்ளினார். நுனி மேசையைத் தாண்டி வந்ததும் உலகநாதன் இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். ஆயுசு பூராவும் துணியை இழுத்து இழுத்து அளந்த கை, வேறென்ன செய்யும்? பலகை சட்டத்தை விட்டு விலகியது. ரம்பம் அலறியது. கருகல் வாடை வந்தது.

தவமணி மிஷினை நிறுத்திவிட்டுக் கீற்றை எடுத்துக் காட்டினார். ஒரு முனை அகலமாகவும் நடுவில் எலி கடித்ததுபோலவும் இருந்தது.

"இழுக்கச் சொன்னது யாரு?"

"ஒத்தாசைக்குத்தாம்மா."

"உங்க பக்கம் வர்றதுக்குத்தான் தள்ளிக்கிட்டு இருக்கேன்."

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"உள்ளங்கையை அடியில குடுங்க. தொங்க விட்டுறாதீங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

அடுத்த பலகை வந்தது. உலகநாதன் கையை அடியில் கொடுத்தார். விரல்கள் மடங்கப் பார்த்தன, அடக்கிக்கொண்டார். பலகை மெல்ல மெல்ல வந்தது. முக்கால்வாசி தாண்டியதும் அதன் பாரம் தானாக அவர் கைக்கு மாறியது. கடைசியில் அறுபட்ட கீற்று, முனைக்கு முனை ஒரே அகலமாக, அவர் கையில் கிடந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மரக்கீற்றுக்காகவா என்று கேட்டால், ஆமாம், அதற்காகத்தான்.

மதியம் சாப்பிட்டு எழுந்தபோது போன் அடித்தது. உலகநாதன் வேப்பமரத்தடிக்கு ஓடினார்.

"சொல்லும்மா... ம்... அப்படியா தாயி..."

நடுநடுவே அவர் வாய் திறந்தது. திறந்த வாயை, தன் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து மூடிக்கொண்டார்.

"என்னப்பா, பேசாமலே இருக்கீங்க?" என்று கோமதியின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"கேட்டுக்கிட்டு இருக்கேன்மா."

வெகுநேரம் கழித்துப் பட்டறைக்கு வந்தார்.

"அம்மா, மசக்கையில அவளுக்குச் சோறே இறங்கலையாம். செத்துப்போன அவ அம்மா போடுவாளே நாரத்தங்காய் ஊறுகாய், அந்தப் பக்குவம் ஞாபகம் இருக்கான்னு கேட்டா. மாப்பிள்ளை நல்லாப் பாத்துக்கிடுதாராம். சிரிச்சாம்மா, எங்கிட்டச் சிரிச்சா! உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுவேன்?"

அந்த மனிதனை அவர் மாப்பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கும்பிட்ட கை சட்டென்று இறங்கியது.

"ஐயையோ! வீட்டுக்கு வருவியான்னு கேக்காமலே வச்சுட்டேனே."

தவமணி அடுத்த பலகையைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"வந்துக்கிட்டுதானே இருக்கா," என்றார். "அந்தப் பக்கம் போய் நில்லுங்க, ஐயா."