கேட்டதற்கெல்லாம் பதில் சொன்ன மைனா

மூங்கில்காட்டுக் கல்லூரியில் எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று மாணவர்களுக்கு வழி சொல்பவர் நாரையார். நல்லவர்தான். ஆனால் ஒரே கேள்வியை முந்நூறு பிள்ளைகள் வந்து கேட்டால் யாருக்குத்தான் அலுக்காது?

அதனால் அவர் ஒரு மைனாவுக்குக் கல்லூரி விதிகளை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார். வாசல் மரத்தில் அதை உட்கார வைத்துவிட்டு, நிம்மதியாகக் குளக்கரைக்குப் போய்விட்டார். மைனா சளைக்காமல் பதில் சொன்னது. ஒரு பதில்கூடத் தப்பில்லை. காடே மெச்சியது!

ஒருநாள் ஓர் இளம் அழுங்கு வந்தது. உடம்பெல்லாம் செதில் மூடிய, பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பிராணி. அதன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அதுதான்.

"அக்கா, நீச்சல்ல தேறலைன்னா என்ன ஆகும்?"

"மீண்டும் ஒருமுறை தேர்வுக்கு வரலாம்!"

மறுநாளும் வந்தது. "அதுலயும் தேறலைன்னா?"

"ஓராண்டு காத்திருக்க வேண்டும்!"

மூன்றாம் நாள் அது பாதி சுருண்டபடியே கேட்டது. "பேரை நீக்கிக்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

"எழுத்தர் கரடியை! வெள்ளிக்கிழமை கடைசி நாள். வேறு கேள்வி உண்டா?"

அழுங்கு "இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனது.

சனிக்கிழமை மாணவர் பட்டியலைப் பார்த்த நாரையார் பதறிப்போய் மைனாவிடம் ஓடிவந்தார்.

"அழுங்கு பேரை ஏன் அடிச்சிருக்கு? உன்கிட்ட வந்துச்சா?"

"மூன்று முறை வந்தது. மூன்றுக்கும் சரியான பதில் சொன்னேன்!"

"அடப்பாவமே! வளை தோண்டுற பிள்ளைங்க நீச்சலுக்குப் பதிலா மண் பாடம் எடுக்கலாமே! அதைச் சொன்னியா?"

"அதை அது கேட்கவில்லையே!"

நாரையார் சொல்லிக்கொடுத்ததைத்தான் மைனா சொன்னது. அதைத் திட்டி என்ன பயன்?

அவர் மலைச்சரிவுக்குப் பறந்தார். அழுங்கு ஒரு புற்றருகே தனியாக உட்கார்ந்திருந்தது.

"கண்ணு, திரும்பி வா! உனக்கு வேற பாடம் இருக்கு. பேரை நான் மறுபடி சேர்க்கிறேன்."

"மூணு நாள் உங்களைத் தேடி வந்தேன் ஐயா. எனக்குப் படிப்பு வராதுன்னு அப்பாகிட்டயும் சொல்லிட்டேன். அன்னிக்கு அவர் சாப்பிடவே இல்ல. இன்னொரு தடவை தோத்துட்டு அவர் முகத்துல முழிக்க என்னால முடியாது."

"நீ தோக்கலடா! நான்தான் உன்னைக் கவனிக்காம விட்டேன்!"

அழுங்கு சுருண்டுகொண்டது. சாயங்காலம் வரை நாரையார் கூப்பிட்டுப் பார்த்தார். அது விரியவே இல்லை. அவர் அழுதுகொண்டே திரும்பினார்.

கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வது மட்டும் வழிகாட்டுவதாகாது, கேட்பவரின் முகத்தைப் பார்த்து "ஏன் கேட்கிறாய்?" என்று விசாரிப்பதே வழிகாட்டுவது.