ராஜா கொண்டுபோன ஒரே துணி

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், பூவலூர் என்ற நாட்டை வசந்தராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான். குடிகளைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வான். உடுப்பு விஷயத்தில் மட்டும் பைத்தியம். சபைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, கோபம் வந்தால் சிவப்பு, தணிந்தால் உடனே வெள்ளை. ஒருமுறை உடுத்தியதை மறுமுறை தொடமாட்டான். வெளியூர் போவதென்றால் முதலில் பெட்டி வண்டிகள் ஆடி அசைந்து போகும், பின்னால் ராஜா போவான். பக்கத்து ஊர்த் தேரோட்டத்துக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்து, வடத்தையும் சுருட்டி வைத்துவிட்டார்கள்!

இந்தப் பைத்தியத்துக்குத் தூபம் போட்டவர் ஆடையறை அதிகாரி கனகசபேசர். மந்திரி நல்லழகர் வாயைத் திறந்தாலே இவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மலைநாட்டிலிருந்து தூதன் வந்தான். ராஜாவின் ஒரே மகள் குமுதவல்லியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தது. தலைப்பிரசவம். தாய்வீட்டுக்கு வரவேண்டியவளை, உடம்பு தாங்காது என்று மருத்துவச்சி தடுத்துவிட்டாள். தாயாகிய மகாராணியும் முன்பே காலமாகிவிட்டாள்.

"இளவரசி சொன்னதை அப்படியே சொல்கிறேன், மகாராஜா" என்றான் தூதன். "'அம்மா இருந்திருந்தா இதைக் கேட்டிருக்க மாட்டேன். வலி எடுக்கும்போது வாசல்ல எங்கப்பா நிக்கணும். எனக்குப் பயமா இருக்கு.'"

ராஜா சிம்மாசனத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்தான், "பெட்டிகளை ஏற்றுங்கள்!" என்றான். பழக்கம் விடுமா?

கனகசபேசர் துள்ளி எழுந்தார். மழைக்கு ஒரு வண்டி, குளிருக்கு ஒரு வண்டி, சம்பந்தி முன்னால் நிற்பதற்கென்றே மூன்று வண்டி.

நல்லழகர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வண்டிகள் மலையேறுவதற்குள் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, வாசலுக்கு வந்து 'வாங்க தாத்தா' என்று கூப்பிடும்."

"ஓய் மந்திரியாரே, ராஜா என்ன பரதேசியா, கட்டின வேட்டியோடு போக?"

"கட்டின வேட்டியோடு இன்னும் ஒன்று. அதை என் அக்குளில் இடுக்கிக்கொள்வேன். அது போதும்."

"வழியில் ஒரே ஒரு இடத்தில் அது போதாமல் போனால்?"

நல்லழகர் தம் முத்திரை மோதிரத்தைத் தொட்டார். "இது உமக்கு."

கனகசபேசருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பந்தயம் என்றதும் ராஜாவுக்கும் குஷி. மூவரும் குதிரை ஏறினார்கள். மந்திரியின் அக்குளில் இருந்தது அவர் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்த எட்டு முழ நூல் வேட்டி.

"மகாராஜாவுக்கு வெயில்!" என்றார் கனகசபேசர். மந்திரி வேட்டியைத் தலைப்பாகையாகச் சுற்றினார். "புழுதி!" என்றார். தலைப்பாகையின் ஒரு முனை மூக்கை மூடியது. "கிணற்றில் கயிறு எட்டவில்லையே!" கயிற்றோடு வேட்டியை முடிந்தார்கள், எட்டியது. மலைக்காற்று குத்தியபோது நான்காக மடித்துப் போர்த்தியதும் அதே வேட்டிதான். அழுக்கானபோதுதான் கனகசபேசர் முகம் மலர்ந்தது. "மாற்றுத் துணி எங்கே?"

"துவைத்தால் ஆயிற்று" என்றார் மந்திரி.

ராஜா முதன்முதலாக ஆற்றங்கல்லில் துணி துவைத்தான். முதல் அடியில் தண்ணீர் முழுக்க அவன் மேலேயே தெறித்தது. பிறகு ஒரு முனையை ராஜாவும் மறுமுனையை மந்திரியும் பிடித்துக்கொண்டு, காற்றில் உலர்த்தியபடியே நடந்தார்கள். ராஜா குழந்தை மாதிரிச் சிரித்தான். அன்றிலிருந்து தினமும், "நான்தான் துவைப்பேன்" என்று பிடுங்கிக்கொண்டான்.

சம்பந்தியின் அரண்மனை வந்தது. வாசலில் சம்பந்தி ராஜா பட்டும் பீதாம்பரமுமாக நின்றிருந்தார். வசந்தராயன் தன்னைக் குனிந்து பார்த்தான். கசங்கிய வேட்டி, நூல் தலைப்பாகை. கால் எழவில்லை.

"கழற்றும் மோதிரத்தை!" என்று கூவினார் கனகசபேசர். "இந்தக் கோலத்தில் சம்பந்தி முன்னால் நிற்க முடியுமா? மகாராஜா, சத்திரத்தில் தங்குவோம். வண்டிகளை வரவழைக்கிறேன்."

நல்லழகர் ராஜாவின் பக்கம் திரும்பினார். "மகாராஜா, உள்ளே என்ன சத்தம் என்று கேளுங்கள்."

"அப்பா...!"

ராஜா ஓடினான். சம்பந்தியைத் தாண்டி, காவலனைத் தள்ளிவிட்டு, பிரசவ அறை வாசலில் போய் நின்று, "வந்துட்டேன்டா கண்ணு, வாசல்லதான் நிக்கிறேன்!" என்று கத்தினான்.

கொஞ்ச நேரத்தில் வீல் என்று ஒரு பிஞ்சுக் குரல் கேட்டது. மருத்துவச்சி கதவிடுக்கில் கையை நீட்டினாள். "பொண்ணு பிறந்திருக்கு! பிள்ளையை வாங்கத் துணி குடுங்க!"

சம்பந்தி வீட்டார் பட்டை நீட்டினார்கள். அவள் தள்ளிவிட்டாள். "ஜரிகை கீறாதா? பச்சை உடம்புக்குப் புதுத்துணியே ஆகாது. தாய்வீட்டிலிருந்து பழந்துணி வரணுமே! உடுத்தி, துவைச்சு, நைஞ்ச துணி. கொண்டாரலையா?"

 கனகசபேசர் கட்டிவைத்த வண்டிகளையெல்லாம் கவிழ்த்தாலும் ஒரு பழந்துணி தேறாது.

ராஜா தலைப்பாகையை அவிழ்த்து மருத்துவச்சியிடம் நீட்டினான். காலையில் அவனே துவைத்து உலர்த்தியது. யார் முன்னாலும் வெறுந்தலையோடு நிற்காத ராஜா, அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றான். அதைப் பார்த்த சம்பந்தி, தம் கிரீடத்தையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ராஜா தன் மோதிரத்தைக் கழற்றி, பந்தயத்தில் ஜெயித்த மந்திரியின் விரலில் போட்டான். "கனகசபேசரே, மோதிரத்துக்கு ஆசைப்பட்டீர். உமக்கு வேறு பதவி தருகிறேன். பேத்தியின் துணிகளைத் தினமும் துவைப்பது இனி உம் பொறுப்பு. பேத்தி உமக்கு ஓய்வே தரமாட்டாள்!"

அவர் தலையைத் தொங்கப்போட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு ராஜாவை உள்ளே விட்டார்கள். குமுதவல்லி களைத்துக் கிடந்தாள். பக்கத்தில், அந்த வேட்டிக்குள் சின்ன முகம் ஒன்று தூங்கியது. அவள் அப்பாவின் வெறுந்தலையைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா, உங்க பெட்டியெல்லாம் எங்கே?"

"பெட்டி வரலம்மா" என்றான் ராஜா. "நான் வந்துட்டேன்."