நுங்கின் மூன்றாவது கண்

அது மரமும் அணிலும் மனிதரோடு பேசிப் பழகிய காலம். அப்போதெல்லாம் பனை மழைக்காலத்தில்தான் காய்க்கும். ஒரு நுங்குக்கு ஒரே ஒரு கண்தான் இருக்கும்.

ஒரு சமயம் செம்மண் தேரிக்காட்டில் மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்தது. அங்கே நின்ற ஒரு பனையில் ஒரே ஒரு காய் மிஞ்சியிருந்தது. அதையும் அந்தப் பனை தன் மட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தது.

சித்திரை வெயிலில் சந்தனமாரி என்பவள் தன் பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு மரத்தடிக்கு வந்தாள்.

"பனைத்தாயி, பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு. ஒரு வாய்த் தண்ணி இருந்தாக் குடேன்."

பனை காதில் விழாததுபோல் நின்றது. மரத்தில் குடியிருந்த அணிலுக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, அந்தக் காய ஏன் மறைக்கிய? குடுத்துருங்க."

"குடுத்துட்டு நான் என்ன செய்ய? இந்தத் தண்ணிய நம்பித்தான் என் உசுரு நிக்கி."

"மரத்த வச்சவன் தண்ணி ஊத்த மாட்டானா?"

"வச்சவன் மூணு வருசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலியே."

அணிலுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

அதற்குள் பிள்ளையின் அழுகை நின்றுவிட்டது. தலை தாயின் தோளில் சரிந்தது. அதைப் பார்த்ததும் பனை மட்டைகளை விலக்கியது.

"சாமி, இது நீ தந்ததுதான். இனி என் பாடு உன் பொறுப்பு" என்று சொல்லிக் காயைக் கீழே விட்டது.

சந்தனமாரி அரிவாளால் சீவிக் கொடுத்தாள். பிள்ளை உறிஞ்சிக் குடித்துக் கண் திறந்தது. மிச்சம் ஒரு மிடறு இருந்தது. அவள் தொண்டையும் காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் அதை மரத்தின் வேரில் ஊற்றினாள்.

"எம் பிள்ளைய எனக்குத் தந்துட்ட தாயி. நீயும் நல்லாயிரு."

இப்படி ஒருத்தி இருக்கும்போதா கஞ்சத்தனம் பண்ணினோம் என்று பனை வெட்கப்பட்டது. கூடவே மனசு நிறைந்தும் போனது.

மறுநாள் விடிந்தபோது மழை வரவில்லை. ஆனால் மரத்தின் தலைநிறையக் குலை தள்ளியிருந்தது. காய்க்குக் காய் மூன்று கண்கள். பிள்ளைக்கு ஒன்று, குடிக்காமல் நின்ற தாய்க்கு ஒன்று, இனிமேல் தாகத்தோடு வரப்போகிறவருக்கு ஒன்று என்று கடவுள் எண்ணித்தான் வைத்திருந்தார். பனையின் வேரும் ஆழத்தில் ஈரத்தைக் கண்டுகொண்டது.

ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையில் பனை நுங்கு தருவது அன்றைக்குத் தொடங்கியதுதான். சில காயில் இரண்டு கண்தான் இருக்கும்; அதைக் காய்த்த மரத்துக்கு அன்று நம்பிக்கை கொஞ்சம் குறைச்சல். மூன்று இருந்தால், மூன்றாவதை நாம் தின்னக் கூடாது. அதற்குரியவர் வந்துகொண்டிருப்பார்.