துரைக்கு இரண்டு பெயர்

தீர்ப்புச் சொல்லப் பிடித்தவர்கள் இந்த வழக்கைக் கொஞ்சம் கேளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு வார்டு அலுவலகத்தின் பக்கத்து அறையில், தொலைந்த நாய்களை வீடு சேர்க்கும் நிலையம் ஒன்று இருந்தது. நாயின் தோலுக்கடியில் அரிசி அளவு சிப் இருந்தால் அங்குள்ள கருவி அதன் எண்ணைக் காட்டும். எண்ணைத் தட்டினால் உரிமையாளரின் பதிவு கணினியில் வரும். திறந்து ஏழு மாதம் ஆகியும் ஒரு நாய்கூட வீடு திரும்பவில்லை. தொலைந்த நாயோடு திரும்பச் சேர்ந்தவர்களின் படங்களை ஒட்டுவதற்கென்று விட்ட சுவர் வெறுமையாகக் கிடந்தது. அங்கே தனியாக வேலை பார்த்த இன்பவல்லி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே உட்காருவாள். அவளுடைய ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, மார்க்கெட்டில் மீன் வெட்டித் தரும் ஆரோக்கியமேரி ஒரு நாயோடு வந்து, சிப் போட வந்தவர்களின் வரிசையில் நின்றாள். இரண்டு வருடத்துக்கு முன் பைபாஸ் ஓரத்தில், பின்னங்கால் முறிந்து, கழுத்துப்பட்டை இல்லாமல் கிடந்த லாப்ரடார். தூக்கி வந்து, காலுக்குக் கட்டுப் போட்டு, துரை என்று பெயரும் வைத்துவிட்டாள்.

"என் பேர்ல ஒரு சிப் போட்டு விடு பிள்ள. ஊர் சுத்தப் போனான்னா எவனாச்சும் தூக்கிருவான்."

இன்பவல்லி கருவியை வைத்தாள். உள்ளே ஏற்கெனவே ஒரு எண் இருந்தது. பதிவில் நவநீதன் என்ற பெயர். நாய் தொலைந்ததாகப் புகார் எதுவும் இல்லை. போன வருடம் தன் கைபேசி எண்ணை மாற்றியபோது, 'நாய் என்னிடமே உள்ளது' என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்தும் போட்டிருந்தார்.

விதிப்படி அவரை அழைத்தாள். "எந்த நாய்?" என்றார். பிறகு, "வர்றேன்" என்றார்.

காரில் வந்து இறங்கி, "மேக்ஸ்" என்று ஒரு தரம்தான் கூப்பிட்டார். துரை மேரியையும் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ஓடி, அவர் காலடியில் விழுந்து, சந்தோஷத்தில் தரையிலேயே மூத்திரம் பெய்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நவநீதன் பேன்ட்டை ஒதுக்கிப் பிடித்தபடி அவர்களைப் பார்த்து, "ரெண்டு வருஷமா தேடாத இடமில்லைங்க" என்றார்.

மேரி கயிற்றை விடாமல் கணினித் திரையைக் காட்டினாள். "எனக்கு வாசிக்கத் தெரியாது. அதுல என்ன பிள்ள எழுதியிருக்கு?"

"அவர் பேர்தான் இருக்கு அக்கா."

மேரி கயிற்றை அவர் கையில் கொடுத்தாள். "மீன் குடுத்தா முள்ளை எடுத்துட்டுக் குடுங்க சார். அவசரக்காரன்."

நவநீதன் நாயைக் காரின் டிக்கியில் ஏற்றி மூடினார். சுவரில் முதல் படம் ஏறியது. அதில் மேரி இல்லை. இன்பவல்லிக்கு ஒப்பந்தம் நீட்டிக் கிடைத்தது.

பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டவர், கயிற்றைக் கொடுத்தவள், பதிவைப் படித்தவள். இந்த மூவரில் பெரிய குற்றம் யாருடையது?

விடை: நவநீதன் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேரி தனக்குச் சொல்லப்பட்டதை நம்பினாள். இன்பவல்லியிடம் நேராகக் கேட்டார்கள்; அவள் தனக்கு வேண்டிய பாதி உண்மையை மட்டும் சொன்னாள். குற்றம் அவளுடையது. திங்கட்கிழமை மேரி திரும்ப வந்து, "துரை எப்படி இருக்கான்னு போன் போட்டுக் கேளு பிள்ள" என்றாள். இன்பவல்லி எந்த எண்ணையும் அழுத்தாமல் போனைக் காதில் வைத்து, சற்றுப் பொறுத்து, "நல்லா இருக்கானாம் அக்கா" என்றாள்.