மூக்காயியின் பேறுகாலக் குகை

நாவல் மரங்கள் சூழ்ந்த ஒரு குளக்கரையில் மூக்காயி என்ற கரடி வசித்தது. குட்டி ஈனப் போகும் விலங்குகளுக்குத் தன் குகையில் இடம் கொடுத்துப் பேறுகாலம் பார்ப்பதுதான் அதன் வேலை.

மூக்காயி தன் முதல் குட்டியை ஈன்றபோது வெளியே அடைமழை. துணைக்கு ஓர் உயிரும் இல்லை. பயத்தில் நடுங்கிப் போனது. “நான் பட்ட பாடு இந்தக் காட்டில் வேறு யாரும் படக்கூடாது!” என்று அன்றைக்கே முடிவு செய்தது.

அதனால் யார் வந்தாலும் ஒரே கவனிப்புதான். வாசலைக் கற்களால் அடைக்கும். மெத்தென்று புல் பரப்பும். பக்கத்திலேயே உட்கார்ந்து வாய் ஓயாமல் தைரியம் சொல்லும். குட்டி பிறந்ததும் தானே முந்திக்கொண்டு நக்கிச் சுத்தம் செய்யும்.

ஆனாலும் ஒருமுறை வந்தவர்கள் மறுமுறை வருவதில்லை. ஏன் என்று மூக்காயிக்குப் புரியவே இல்லை.

“நீயே கேட்டுச் சொல்லேன்” என்று குகைக்கு மேலே குடியிருந்த கிளியிடம் அது சொன்னது.

அப்போதுதான் ஒரு முயல் குட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தது. கிளி, மூக்காயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டது. “என்ன, கவனிப்பு பிரமாதம்தானே?”

முயல் கரடியின் நகங்களைப் பார்த்தது. “பிரமாதம்! பிரமாதம்!” என்றது. குட்டியைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டம்!

“பிரமாதம் என்றால் எதற்கு ஓடுகிறாள்?” என்று மூக்காயி விழித்தது.

“நீ எதிரே நின்றால் யார் வாயைத் திறப்பார்கள்? நான் தனியாகப் போய்க் கேட்கிறேன்” என்று கிளி பறந்தது.

காடெல்லாம் சுற்றிவிட்டு வந்து, கேட்டதைக் கேட்டபடியே ஒப்பித்தது.

“முயல் சொல்கிறாள்: ‘அவள் நக்கியதும் என் குட்டி மேல் அவள் வாசம் ஏறிவிட்டது. அது என் பிள்ளையா, அவள் பிள்ளையா என்றே எனக்குத் தெரியவில்லை!’ மந்தி சொல்கிறாள்: ‘வாசலை அடைத்துவிட்டாள். என் அக்கா தங்கச்சி யாரும் உள்ளே வர முடியவில்லை. நாலு பேர் மடியில் வாங்கிக் கொஞ்சாமல் என்ன பிள்ளைப்பேறு?’ முள்ளம்பன்றி சொல்கிறாள்: ‘வாசலை அடைத்தது நல்லதுதான். ஆனால் பேசிப் பேசியே என்னைக் கொன்றுவிட்டாள்!’”

மூக்காயிக்குத் தலை சுற்றியது. “ஒருத்தி மூடு என்கிறாள், ஒருத்தி திற என்கிறாள். நான் யார் பேச்சைக் கேட்பது?”

“எல்லாவற்றிலும் பாதிப் பாதி செய்துவிடு!” என்றது கிளி.

அப்படியே செய்தது. பாதி வாசலை மூடியது, பாதியைத் திறந்து வைத்தது. ஒரு வார்த்தை பேசிவிட்டு, அடுத்த வார்த்தையை விழுங்கியது. பேச்சுத் துணைக்காகவே பேறுகாலத்துக்கு இங்கே வந்திருந்த காட்டுப்பன்றி பயந்துபோனது. “உனக்கு உடம்பு சரியில்லையா, மூக்காயி?” என்று கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பியது.

மூக்காயி குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தபோது, கிளி அலறிக்கொண்டு வந்தது.

“பூவாத்தாள் மானுக்கு வலி எடுத்துவிட்டது! ஓடைப் புதரில் தனியாகக் கிடக்கிறாள். செந்நாய்கள் அந்தப் பக்கம்தான் சுற்றுகின்றன!”

மூக்காயி விழுந்தடித்து ஓடியது. புதருக்குள் மூச்சு வாங்கிக் கிடந்த பூவாத்தாள், கரடியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை.

“குகைக்கு வந்துவிடு, பூவாத்தா! நான் தூக்கிக்கொண்டு போகிறேன்!”

“செந்நாய் வாயில் போனாலும் போவேன். அந்தக் குகைக்கு மட்டும் வரமாட்டேன்!”

மூக்காயி அப்படியே நின்றது. தூக்கவா, விடவா? பேசவா, சும்மா இருக்கவா? ஒன்றும் தெரியவில்லை.

“எனக்கு ஒன்றுமே புரியவில்லை” என்றது கடைசியில். “உனக்கு இப்போது என்ன வேண்டும்? நீயே சொல்லு.”

பூவாத்தாள் தலையைத் தூக்கிப் பார்த்தது. “நிஜமாகத்தான் கேட்கிறாயா?”

“நிஜமாகத்தான்.”

“போன தடவை குகையை அடைத்துவிட்டாய். பகை வருவது எனக்குக் காற்றில்தான் தெரியும். காற்று வராமல், வலியைவிடப் பயமே என்னைத் தின்றது. இப்போது நீ எனக்கு முதுகைக் காட்டி நில். காற்றை மறைக்காதே. பேசாதே. குட்டியைத் தொடாதே. செந்நாய் வந்தால் மட்டும் பார்த்துக்கொள்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்!”

மூக்காயி ஒதுங்கி, முதுகைக் காட்டி நின்றது. பின்னால் பூவாத்தாள் முனகுவது கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆறுதலாக ஒரு சொல் சொல்லவும் கூடாது. ‘சும்மா நிற்பதெல்லாம் ஓர் உதவியா?’ என்று அதற்கே சந்தேகமாக இருந்தது.

புல் அசைந்தது. மூன்று செந்நாய்கள் தலை நீட்டின.

‘பேசாதே என்றாளே, உறுமலாமா?’ ஒரு கணம் மூக்காயி திகைத்தது. பிறகு இரண்டு கால்களில் எழுந்து நின்று, ஓடையே அதிரும்படி உறுமியது! செந்நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

பின்னால் குட்டியின் மெல்லிய குரல் கேட்டது.

“திரும்பலாமா?” என்று மூக்காயி கிசுகிசுத்தது.

“இன்னும் கொஞ்ச நேரம். முதலில் என் வாசம் அதற்குத் தெரியட்டும்.”

மூக்காயி காத்திருந்தது. வெகுநேரம் கழித்து, “இப்போது பார்” என்றது பூவாத்தாள்.

ஈரம் காயாத குட்டி ஒன்று, நான்கு கால்களையும் நான்கு திசையில் வைத்துத் தள்ளாடி நின்றது. அதை அள்ளிக்கொள்ள மூக்காயியின் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

“இவ்வளவு நல்ல துணை எனக்கு வாய்த்ததே இல்லை, அக்கா” என்றது பூவாத்தாள்.

அன்றிலிருந்து, யார் வந்தாலும் மூக்காயி முதலில் கேட்கும். பேறு முடிந்த பிறகும் கேட்கும். அதுவும் தாயும் குட்டியும் வீடு திரும்பி, பயம் தெளிந்த பிறகு, கிளியைத் தனியாக அனுப்பிக் கேட்கும். காட்டுப்பன்றி வந்தபோது வாய் வலிக்கப் பேசியது. மந்தி வந்தபோது அதன் உறவு முழுவதற்கும் இடம் விட்டது.

ஆனால் குழப்பம் மட்டும் தீர்ந்தபாடில்லை. அடுத்த ஈற்றுக்கு வந்த முள்ளம்பன்றி, “வாசலைத் திறந்து வை” என்றது.

“போன தடவை மூடியது நல்லது என்றாயே!”

“அது போன தடவை. இது இந்தத் தடவை!”

மூக்காயி தலையைச் சொறிந்தது. பிறகு ஒன்றும் பேசாமல் கற்களை நகர்த்தியது.

நமக்குப் பிடித்ததை எல்லாருக்கும் செய்வது உதவியாகாது. அவரவரைக் கேட்டு, அவரவருக்கு வேண்டியதைச் செய்வதே உதவி.