தண்ணி லாரிக்காரன் வசனம்

குலசேகரன் கதை சொன்னால் தயாரிப்பாளர்கள் அழுவார்கள். கோடம்பாக்கத்தில் இது ஊரறிந்த சங்கதி. ஏசி அறையில் உட்கார்ந்து முந்திரி கொறித்துக்கொண்டிருக்கிற ஆள்கூட, அந்தத் தண்ணி லாரிக் கட்டம் வந்ததும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கர்சீப்பைத் தேடுவார். அழுது முடித்துவிட்டு, "பிரமாதம் சார், ஆனா இப்ப நேரம் சரியில்ல" என்று அனுப்பி வைப்பார். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அத்தனை வருஷமும் குலசேகரன் பிறருக்கு எழுதித்தான் பிழைத்தார். பதினேழு படம். ஒவ்வொன்றிலும் இயக்குநர் தன் வசனத்தைக் கொத்திக் குதறிவிட்டதாகப் புலம்புவார். அதில் ஒன்றை இயக்கிய ஹமீது சாரையும் விட்டுவைக்கவில்லை. நாலு வரியை வெட்டிய பாவத்துக்கு அவரோடு ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. இத்தனைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். வயதில் மூன்று வருஷம்தான் மூத்தவர். ஆனாலும் குரு குருதானே.

ஐம்பத்து மூன்றாவது வயதில் குலசேகரனுக்கே ஒரு படம் கிடைத்தது. தன் கதை, தன் வசனம், தன் இயக்கம். வெட்டுவதற்கு ஒருத்தரும் இல்லை. எழுதியதை ஒரு எழுத்து விடாமல் எடுத்தார்.

போட்டுக் காட்டிய அன்று தியேட்டரில் முப்பது பேர் இருந்தார்கள். தண்ணி லாரிக் கட்டம் வந்தது. ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம்கூட இல்லை. முன்வரிசையில் ஒருத்தர் செல்போனை எடுத்து மணி பார்த்தார்.

விளக்கைப் போட்டதும் தயாரிப்பாளர் சொன்னது ஒன்றுதான். நாளைச் சாயங்காலத்துக்குள் அந்தக் கட்டத்தில் லாரிக்காரன் பேசுகிற இரண்டு பக்க வசனத்தை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவார். எடுத்தால் என் பெயரையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று குலசேகரன் வீராப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஆட்டோ ஏறியதும்தான் பயம் பிடித்துக்கொண்டது. பெயர் போனால் அடுத்த படம் எவன் தருவான்? மறுபடியும் பிறத்தியாருக்கு எழுதப் போக வேண்டியதுதான். அதற்கு உடம்பில் தெம்பில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வளசரவாக்கத்தில் ஹமீது சாரின் மூன்றாவது மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறிப் போனார்.

ஹமீது சார் பழைய கோபத்தைக் கிளறாமல் டீ போட்டுக் கொடுத்தார்.

"சார், நான் சொன்னப்ப எல்லாரும் அழுதாங்க. அதையே எடுத்துக் காட்டினா ஏன் சார் அழமாட்டேங்கிறாங்க?"

கேட்டுவிட்டு அவரே காரணங்களை அடுக்கினார். நடித்த பெண்ணுக்குக் குரல் சரியில்லை. கேமராமேன் அவசரப்படுத்தினான். இசை அமுக்கிவிட்டது. ஜனங்களுக்குப் பொறுமை போய்விட்டது. ஹமீது சார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காட்சியைக் காட்டலாம் என்று குலசேகரன் லேப்டாப்பைத் திறந்தபோது மட்டும் தடுத்தார்.

"அது இருக்கட்டும். நீ வாயால சொல்லு."

"உங்களுக்குத் தெரியாததா சார்?"

"சொல்லேன்."

ஹமீது சார் தன் செல்போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு டீப்பாய்மேல் வைத்தார். குலசேகரன் சலிப்போடுதான் ஆரம்பித்தார். நாலாவது வரியில் குரல் சூடுபிடித்துவிட்டது.

சுப்பையா தண்ணி லாரி ஓட்டுகிறவன். மகள் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஆறு வருஷம் ஆகிறது. ஒருநாள் புது ஏரியாவுக்கு லோடு வருகிறது. ஒரு வீட்டு வாசலில் குனிந்து குழாயை மாட்டிக்கொண்டிருக்கிறான். பின்னால் ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு வந்து, போன தடவை தண்ணி கலங்கலாக வந்தது என்று சத்தம் போடுகிறாள். அந்தக் குரலைக் கேட்டுச் சுப்பையா நிமிர்கிறான். திரும்புகிறான். அவளும் பார்க்கிறாள்.

குலசேகரனுக்குத் தொண்டை ஏறி இறங்கியது. கண்ணாடியைக் கழற்றினார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"தொட்டி ரொம்பித் தெருவுல ஓடுது சார். ரெண்டு பேரும் மோட்டாரை நிறுத்தல."

ஹமீது சார் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குலசேகரனுக்கும் கண் நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு தெம்பு வந்தது.

"பாத்தீங்களா, உங்களுக்கே தாங்கல. இந்த வசனத்தையா சார் அந்தாளு எடுக்கச் சொல்றான்?"

ஹமீது சார் செல்போனை எடுத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டார்.

லாரி வந்தது, குழாய் வந்தது, கலங்கல் தண்ணி வந்தது. சுப்பையா திரும்பினான். 'உன்னைத் தோள்ல தூக்கிட்டு இந்த ஊர் பூரா திரிஞ்சேனே' என்று தொடங்கி அவன் இரண்டு பக்கம் பேச வேண்டிய இடம். குலசேகரன் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. கீழ் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அதற்கடுத்துத் தொட்டி நிரம்பி ஓடியது.

அவரே எட்டிச் சத்தத்தைக் கூட்டி, அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். குக்கர் விசில்தான் பெரிதாகக் கேட்டது.

"தொண்டை அடைச்சிடுச்சு சார். அதான் விட்டுப்போச்சு" என்றார் குலசேகரன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை சொல்றேன். இந்தத் தடவை வசனத்தோட."

ஹமீது சார் ரெக்கார்டிங்கை மறுபடியும் போட்டு அவர் முன்னால் வைத்தார்.

"சொல்லுப்பா. இருபத்திரண்டு வருஷமா அந்த வசனத்தைக் கேக்கணும்னுதான் நானும் உக்காந்திருக்கேன்."