பூனை ஏன் திரும்பி வந்து மோந்து பார்க்கிறது

அந்தக் காலத்தில், விலங்குகள் தங்களுக்குள் பேசி, சண்டை போட்டு, சமாதானமும் ஆகிக்கொண்டிருந்தபோது, ஒரு குன்றின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் குடிதண்ணீர்.

ஊற்றுக்குச் சற்று மேலே, சரிவில், ஒரு பூனை குடியிருந்தது. நாள் முழுக்கத் தன்னை நக்கி நக்கித் துடைத்துக்கொள்ளும். தன்னைவிடச் சுத்தம் யாரும் இல்லை என்று அதற்கு ஒரு மிதப்பு. ஆனால் வெளிக்குப் போவதெல்லாம் அந்தச் சரிவிலேதான். முடித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிடும். தன் மேல் ஒட்டாதது அழுக்கே இல்லை என்று அதற்கு நினைப்பு.

மழைக்காலம் தொடங்கியதும் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. முதலில் முயல் வீட்டில். பிறகு கீரி வீட்டில். கீரியின் மூத்த குட்டி பிழைக்கவில்லை. பூனைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்கு இருந்ததோ ஒரே குட்டி, செவலை.

"எல்லாம் அந்தப் பன்னி பண்ற வேலை. சேத்துல பொரண்ட உடம்போட வந்து ஊத்துல வாய வைக்குது," என்றது பூனை.

பயந்து கிடந்தவர்களுக்குப் பழி போட யாராவது ஒருவர் கிடைத்தால் போதும் என்றிருந்தது. எல்லாமாகச் சேர்ந்து பன்றியையும் அதன் குட்டிகளையும் விரட்டின. பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு குன்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

பன்றி போனது, நோய் போகவில்லை. ஒருநாள் செவலைக்கும் கண்டுவிட்டது. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, கத்தக்கூடக் குரல் எழும்பவில்லை. "தண்ணிம்மா" என்று முனகிய குட்டியைக் கவ்விக்கொண்டு பூனை ஊற்றுக்கு ஓடியது.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. செவலை தண்ணீரில் வாய் வைக்கப் போன நேரம், சரிவிலிருந்து கலங்கல் நீர் இறங்கி வந்து ஊற்றில் விழுந்தது. பூனைக்கு அந்த வாடை தெரியும். அது தன்னுடைய வாடை.

வெடுக்கென்று குட்டியைப் பின்னால் இழுத்தது.

"தண்ணிம்மா."

"வேணாம்டா கண்ணு. இது வேணாம்."

கீரியின் மூத்த குட்டி நினைவுக்கு வந்தது.

செவலையைக் கவ்விக்கொண்டு, நனைந்தபடியே பூனை குன்றைத் தாண்டி ஓடியது. அங்கே ஒரு சுனைக்குப் பக்கத்தில் பன்றியின் குட்டிகள் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட நோவில்லை.

"அக்கா, நான்தான். என்னோடதுதான் மழையில ஓடி ஊத்துல கலந்திருக்கு. உங்களப் போயி..."

"அத அப்புறம் பேசலாம்," என்றது பன்றி. "மொதல்ல புள்ளைக்குத் தண்ணி குடு. ஒரேயடியா குடுக்காத. கொஞ்சம் கொஞ்சமா, விடாம குடு."

செவலை பிழைத்துக்கொண்டது.

அது எழுந்து நடந்ததும் பூனை பழைய சரிவுக்குப் போனது. கிடந்ததையெல்லாம் தண்ணீர் ஓடாத மேட்டுக்குத் தள்ளி, நகம் பிய்யப் பள்ளம் தோண்டி, மண் போட்டு மூடியது. கீரி தன் சின்னக் குட்டியை அணைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றது.

"இனிமே இதுக்கும் ஒண்ணும் வந்துடாதுல்ல?"

"வராது," என்றது பூனை.

சொல்லிவிட்டு நடந்தது. கொஞ்ச தூரம் போனதும் கால் நின்றுவிட்டது. சரியாக மூடினோமா? திரும்பி வந்து மோந்து பார்த்தது. இன்னும் கொஞ்சம் மண் தள்ளியது.

அன்று முதல்தான் பூனை பள்ளம் தோண்டி மூடுகிறது. மூடிய பிறகும் நம்பிக்கை வராமல், திரும்பி வந்து மோந்து பார்க்கிறது.